கர்னலுக்குச் சந்தன மாலை

தத்தாராம் பரப் முப்பத்திரண்டு வருடங்களில் எத்தனை முறை செத்தார் என்று அவருக்கே தெரியாது. பனியில் செத்திருக்கிறார், மணலில் செத்திருக்கிறார், கர்ஜத் பக்கம் ஓடையில் குப்புற விழுந்து மூக்கில் தண்ணீர் ஏறிச் செத்திருக்கிறார். ஆறடி உயரம், வளையாத முதுகு, முறுக்கிய மீசை. இந்திப் படத்தில் எல்லைச் சண்டை என்றால் துணை நடிகர்களைச் சேர்த்து அனுப்பும் ஆள் முதல் போன் அவருக்குத்தான் போடுவான். ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும் என்றால் அதற்கு முன்னால் நாலு பேர் சாக வேண்டும். அந்த நாலில் தத்தாராம் கண்டிப்பாக உண்டு.

நிஜப் பட்டாளத்தின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. இரண்டு தடவை பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டவர்களிடம் சினிமாவில் சாகிறார் என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? ஐம்பத்தெட்டு வயதில், கோரேகாவ் கிழக்கில் ஒரு பழைய மூன்று மாடிக் குடியிருப்பின் ஒற்றை அறையில், தனக்கு மட்டும் சோறும் மீன் குழம்பும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு தங்கை, சொந்த ஊரான கணகவலியில். பெயர் சுலபா. அவளும் பேசி எட்டு வருடம் ஆகிறது. அம்மா செத்துப்போன அன்று தத்தாராம் ராஜஸ்தானில் மணல்மேட்டில் பிணமாகக் கிடந்தார். தகவல் வந்ததும் எழுந்தார்தான். ஆனால் ஏற்கெனவே எடுத்த காட்சியில் ஹீரோவின் காலடியில் அவர் முகம் பதிவாகியிருந்தது. பிணம் நடுவில் காணாமல் போக முடியாது என்றார்கள். இன்னும் ஒரே ஒரு நாள் என்றார்கள். அவரும் திரும்பப் படுத்துக்கொண்டார். யாரும் கையைக் காலைக் கட்டிப்போடவில்லை. அதுதான் இன்றுவரை அவரை அறுக்கிறது. மூன்றாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்கூட ஆறியிருந்தது. வாசலிலேயே நின்று சுலபா கேட்டாள்.

"யாருக்கோ பொணமாக் கிடக்கத் தெரிஞ்சுதே, பெத்தவளுக்குத் தோள் குடுக்கத் தெரியலையா உனக்கு?"

அவர் உள்ளே போகாமலே திரும்பினார். அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டாம் நாள், பாவுபீஜ் அன்று, அவள் கூப்பிடவில்லை. அண்ணன் தம்பியைப் பலகையில் உட்காரவைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, நீண்ட ஆயுள் வேண்டிச் சகோதரி ஆரத்தி எடுக்கிற நாள் அது. கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று மாலைவரை பார்த்தார். பிறகு ஊரிலிருந்து வந்த ஒருவன் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனான். "உன் தங்கச்சி இப்பல்லாம் நிலாவுக்குத்தான் ஆரத்தி எடுக்கறா." கூடப்பிறந்த ஆண் இல்லாதவள்தான் நிலாவைச் சகோதரனாக நினைத்து ஆரத்தி எடுப்பாள். ஆக, தங்கை கணக்கிலும் தான் செத்தாயிற்று என்று தத்தாராம் முடிவு செய்துகொண்டார். ஆனால் போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்க மட்டும் கை வரவில்லை.

இந்த நிலையில்தான் அந்த முன்னூறு கோடிப் படம் வந்தது. நிஜ டாங்கிகள், வெளிநாட்டுச் சண்டைக்காரர்கள், ஹெலிகாப்டரிலிருந்து குதிக்க ஹீரோவுக்கு மூன்று டூப்புகள். அப்பேர்ப்பட்ட படம் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு போட்டோவுக்காக நின்றது. ஹீரோவின் அப்பா போரில் செத்த கர்னல். அவருடைய படம் சந்தன மாலையோடு சுவரில் தொங்க வேண்டும். போட்டோ கொடுத்திருந்த நடிகர் அன்று காலையில் பின்வாங்கிவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலையா என்று அவருடைய அம்மா சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டாளாம்.

உதவி இயக்குநர் தன்வி வெறும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகக் கேட்டாள். மேக்கப்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "வீட்டுக்காரி நிஜமாவே மாலை போட்டுடுவா, தாயே!" லைட்மேன் விளக்குக் கம்பத்தின் மேலேறி இறங்க மறுத்தான். நூறு பேர் இருந்த அந்த இடத்தில் நூறு பேருக்கும் வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்தாள். கடைசியில் தன்வி தத்தாராமிடம் வந்து நின்றாள்.

"அங்கிள், உங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"சொல்றதுக்கு யாரும்மா இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

முப்பத்திரண்டு வருடமாக ஹவில்தாரைத் தாண்டாத மனிதர் செத்ததும் கர்னல் ஆனார். மார்பில் ஒன்பது பதக்கம். மாலையைச் சாற்றியபோது ஒரு நினைப்பு வந்தது. தீபாவளிக்குப் படம் வரும். கணகவலித் தியேட்டரிலும் ஓடும். சுலபா பார்ப்பாள். பார்த்துவிட்டு, என் அண்ணனுக்கு எவன் மாலை போட்டது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், திட்டினால்கூடப் போதும். அவளும் கேட்கவில்லை என்றால் தான் இருந்தென்ன, போயென்ன என்று தோன்றியது.

படம் வெளியான அன்றே மதியக் காட்சிக்குத் தனியாகப் போனார். ஹீரோ போட்டோவின் முன்னால் கண்ணீர் வடித்தான். படப்பிடிப்பில் அதற்கு ஆறு தடவை கண்ணில் கிளிசரின் விட்டார்கள். இருந்தாலும் தனக்காக ஒருவன் அழுவதை அவர் இமைக்காமல் பார்த்தார். கடைசிச் சண்டையில் வில்லன் அந்தப் போட்டோவையும் சுட்டான். போட்டோவாகத் தொங்கியும் தப்ப முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரன் அவர் தோளில் இடித்துக்கொண்டு விசிலடித்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

தெருமுனையில் வடாபாவ் விற்கிறவர் மட்டும் கண்டுபிடித்தார். "அடடே, கர்னல் சாப்! செத்தும் வடாபாவ் கேக்குதா உங்களுக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாலை ரொம்பப் பொருத்தமாக இருந்தது என்று ஒருவன் பாராட்டினான். யாருக்கும் அது உறுத்தவில்லை.

பாவுபீஜ் அன்று ஒரு விளம்பரப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, குளித்து, துவைத்த சட்டை போட்டு, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் போயிற்று. ஐந்து மணி ஆயிற்று. சட்டையைக் கழற்றலாம் என்று எழுந்தபோது போன் அடித்தது.

"உனக்கு யாரு மாலை போட்டது?" நலமா என்றுகூடக் கேட்கவில்லை சுலபா.

"சினிமாதானே, சுலபா..."

"சினிமாவா? இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். அம்மா படத்துக்குப் போட்ட அதே சந்தன மாலை! தியேட்டர்ல எழுந்து நின்னு கத்திட்டேன், எடுங்கடா அதைன்னு. முன்னாடி இருந்தவன் நான் நாட்டுப்பற்றுல கத்தறேன்னு நினைச்சுக் கை தட்டறான், மூதேவி! அந்தப் போட்டோ எங்கே இப்ப?"

"ஒண்ணைச் சுட்டுட்டாங்க. மிச்சம் இருந்ததை எனக்கே குடுத்துட்டாங்க. பீரோ பின்னாடி இருக்கு."

"மாலையோடவா?"

"மாலையோடத்தான்."

"கழட்டு. இப்பவே. நான் போனை வைக்க மாட்டேன்."

போட்டோவை வெளியே இழுத்தார். "பசை போட்டு ஒட்டியிருக்கான்."

"அறுத்துப் போடு!"

மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து அறுத்தார். சந்தனச் சீவல்கள் தரையெல்லாம் உதிர்ந்தன. போட்டோவில் கர்னல் வெறும் கழுத்தோடு முறைத்துக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக அடக்கிவைத்தது அப்போது வாயில் வந்துவிட்டது.

"ஏன் துடிக்கறே? உனக்குத்தான் அண்ணனே இல்லையே. நிலாவுக்குத்தானே ஆரத்தி எடுக்கறே?"

அந்தப் பக்கம் குரல் உடைந்து வந்தது.

"மடையா. வராத அண்ணனுக்கும் நிலாதான்டா. எட்டு வருஷமா உனக்குப் பலகை போட்டு, சுத்திக் கோலம் போட்டு, இருட்டறவரைக்கும் வாசலைப் பார்த்துட்டு, அப்புறம்தான் நிலாகிட்ட போறேன். வேற என்ன பண்ண? பக்கத்து வீட்டுக்காரனை உட்கார வெச்சு எடுக்கவா?"

"நீ வான்னு சொல்லலையே."

"பாவுபீஜுக்கு உனக்குப் பத்திரிகை அடிச்சு அனுப்பணுமா? நீயா வந்து உட்காரணும்!"

தத்தாராம் கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டுப் பலகை வீணாகியிருக்கிறது. கூப்பிட மாட்டாளா என்று அவர் இங்கே உட்கார்ந்திருந்த அதே எட்டு மாலைகளில்.

"இப்பக் கிளம்பினா காலையிலதான் வந்து சேருவேன்" என்றார்.

"காலையில வா. ஆனா ஆரத்தி இன்னிக்குத்தான். ஆறரை மணிக்கு மேற்கே பாரு. நிக்காதே, உட்காரு." வைத்துவிட்டாள்.

மொட்டை மாடிக்கு ஏறினார். மேற்கே முழுக்க உயர்ந்த கட்டடங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நகக்கீறல் அளவுக்கு நிலா தெரிந்தது. காலிப் பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, நிலாவை நேராகப் பார்த்து உட்கார்ந்து, குங்குமம் வாங்கிக்கொள்ளத் தலையைச் சற்றுக் குனிந்தார். நிலா கட்டடத்தின் பின்னால் நகர நகர, டின்னைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

கொடியில் துணி எடுக்க வந்த இரண்டாம் மாடி பிலோமினா நின்று பார்த்தாள். "என்ன பரப் சாப், இங்கே தனியா உட்கார்ந்திருக்கீங்க?"

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார் தத்தாராம், தலையைத் தூக்காமலே. "என் தங்கச்சி ஆரத்தி எடுத்துட்டிருக்கா."