நிலாத் தூசியில் சிக்கிய மீசை

போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்திலிருந்து போன். உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் நண்பர் ஏழுமலை. “சார், உடனே கிளம்பி வாங்க. மீசைக்கு ஆபத்து!”

ஏழுமலையின் மீசை சாதாரண மீசையல்ல. இருபது வருட வளர்ப்பு. அடுத்த வாரம் மகள் கல்யாணம் வேறு!

நடந்தது இதுதான். சென்ற இதழில் இதே பக்கத்தில், ‘காற்றே இல்லாத நிலாவைச் சுற்றித் தூசி மேகம் இருக்கவே முடியாது’ என்று அடித்து எழுதியிருந்தேன். ஏழுமலை வரப்பில் நின்று அதைச் சத்தமாக வாசிக்க, உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை, “தப்பு” என்றிருக்கிறார். பேச்சு முற்றி... “எங்க சார் எழுதுனது தப்புன்னா மீசைய எடுத்துடுறேன்” என்று இவர் சவால் விட்டுவிட்டார். உப்பளமே சாட்சி.

போனேன். வம்பை ஆரம்பித்து வைத்தவன் நானல்லவா?

இலைகூட அசையாத மதியம். காய்ந்த வரப்பில் உப்புப் பொடி படிந்திருந்தது. அஞ்சலை ஒரு உப்புக் கட்டியை எடுத்து ஓங்கி எறிந்தார். பொடி குப்பென்று எழும்பியது.

“இத காத்தா தூக்குச்சு? அடி தூக்குச்சுங்க சார்.”

விடுவேனா? “எழும்பும்மா. ஆனா தாங்கிப் பிடிக்க அங்க காத்து இல்லையே? உடனே கீழ விழுந்துடும். மேகம் எப்படி நிக்கும்?”

“அது விழறதுக்குள்ள இன்னொரு கல்லு வந்து விழுந்தா? நிக்காம விழுந்துக்கினே இருந்தா?”

ஏழுமலையின் கை தானாக மீசைக்குப் போனது.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, இயற்பியல் பேராசிரியரான என் மைத்துனரைப் பிடித்தேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... வியாழனின் நிலாக்களைச் சுற்றி அப்படித் தூசி மேகம் இருப்பதை விண்கலமே கண்டுபிடித்துவிட்டதாம்! மணலைவிடச் சின்ன விண்துகள்கள். தடுக்கக் காற்று இல்லாததால் வந்த வேகத்திலேயே மோதுகின்றன. ஒவ்வொரு துகளும் தன்னைப் போலப் பல மடங்கு தூசியைக் கிளப்பிவிடுகிறது. பெரும்பாலானவை திரும்ப விழுகின்றன. அதற்குள் அடுத்த அடி, அடுத்த தூசி... அஞ்சலை சொன்னதேதான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதையும் அடித்துச் சொல்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி — தப்பாகிவிட்டால் மீசை போவது வேறு யாருக்கோ!

திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். “தப்பு என்னுதுதாம்மா.”

ஏழுமலை கலங்கிய கண்ணோடு நிமிர்ந்து நின்றார். “சொன்னது சொன்னதுதான் சார். ஏம்பா, எவனாவது போய் பிளேடு வாங்கினு வா.”

“இருங்க,” என்றார் அஞ்சலை. “எழுதுனவரு இங்கயே நிக்கறப்ப, படிச்சவரு எதுக்குங்க மீசைய எடுக்கணும்?”

உப்பளமே என் மூக்குக்குக் கீழே பார்த்தது.

வெள்ளிக்கிழமை கல்யாணத்தில் ஏழுமலை மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். இந்தப் பக்கத்தின் மேலே இருக்கிற என் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள் — அது பழசு.