மாட்டுக்கும் நாய்க்கும் உப்புத் தண்ணீர்

கால்நடை வைத்தியத்தில் நோயாளி வாய் திறக்காது, கூட நிற்பவர்கள் வாய் மூடமாட்டார்கள். இந்த வேலையில் இருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தைச் சுற்றி மொபெட்டில் மருந்துப் பெட்டியோடு அலைந்தேன். பெட்டியில் பாதி, உடம்பு இழந்த உப்பையும் சுண்ணாம்புச் சத்தையும் திருப்பித் தரும் பாட்டில்கள்தான்.

எழுந்து நின்றது

ராஜகீழ்ப்பாக்கத்தில் முனுசாமி பால் வியாபாரி. முந்தின நாள் கன்று போட்ட அவருடைய கறவை காலையில் எழுந்திருக்கவில்லை. கழுத்தை மடித்து விலாவில் சாய்த்துக் கிடந்தது. காது ஜில்லென்று இருந்தது. அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சீம்பாலோடு கால்சியம் போய்விட்டால் மாடு இப்படித்தான் விழும்.

கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் மெல்ல ஏற்றினேன். பாதி பாட்டிலில் தோல் நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து கன்றை நக்கப் போய்விட்டது. முனுசாமி காலி பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். "இன்னா சார் இது, சரக்கு கிரக்கு கலந்துகீதா?"

தண்ணீர் காட்டாத கன்று

அனகாபுத்தூரில் தறி நெய்யும் மேரியக்கா வீட்டுக் கன்றுக்கு மூன்று நாளாகக் கழிச்சல். கண் குழிவிழுந்திருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. "தண்ணி குடுத்தா இன்னும் பீச்சுது சார், அதான் நிறுத்திட்டேன்" என்றார். நான் பார்த்த கன்றுகளில் பல இந்த நியாயத்தில்தான் செத்தன.

கொதித்து ஆறின தண்ணீரில் உப்பு, குளுக்கோஸ், துளி சோடா உப்பு கலந்து புகட்டக் காட்டினேன். இரண்டு நாள் கழித்துப் போனால் கன்று தறிப் பக்கம் நின்று நூலை மென்றுகொண்டிருந்தது. மேரியக்கா சிரித்தார். "எம் புள்ளைக்கும் ஆஸ்பத்திரில இதே தண்ணிதான் சார் குடுத்தாங்க. ஆனா அவன் பாவு நூலக் கடிக்கல."

இளநீர்

செம்பாக்கத்தில் ஒரு பேங்க் ஆபீசர் வீட்டு பொமரேனியன். விடாத வாந்தியில் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. பொட்டாசியம் தீர்ந்தால் தசை துவண்டுவிடும். டிரிப்பில் அதைச் சேர்த்து மிக மெதுவாக விட்டேன். சாயங்காலம் தலை நிமிர்ந்தது. வாந்தி நின்றதும் கொஞ்சம் இளநீர் கொடுக்கச் சொன்னேன். அடுத்த வாரம் ஆபீசர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், நாய்க்கு தினம் இளநீர் வருது. எனக்கும் அந்தப் பொட்டாசியம் கம்மின்னு வீட்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஏகாம்பரத்தின் மாடு

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறைத் தொழிலாளி ஏகாம்பரத்துக்கு இருந்தது ஒரே மாடு. முனுசாமி மாட்டுக்கு வந்த அதே நோவு. ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று அவர் தவித்தார். "சீக்கிரம் சார், லேட்டானா உள்ள வுடமாட்டான்." எனக்கும் அன்று இன்னும் நாலு இடம் பாக்கி. சீக்கிரம் இறங்கட்டுமென்று பாட்டிலை உயர்த்திப் பிடித்தேன். கால்சியம் வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் ஸ்டெதஸ்கோப்பில் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றுவோம். அன்று அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. மாடு ஒருமுறை காலை உதைத்தது. அவ்வளவுதான்.

நோவு முற்றிவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். "நான் வேகமா ஏத்திட்டேன் ஏகாம்பரம். என் தப்பு" என்றேன். அவர் மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போகவில்லை. நான் பெட்டியைக் கட்டும்போது நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லிட்ட சார். அவசரப்படுத்துனது நான்தானே, அத நான் யார்கிட்ட சொல்றது?"

இப்போதெல்லாம் யாராவது "சீக்கிரம் சார்" என்றால் எனக்குக் காது கேட்பதில்லை. டாக்டருக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.