உள்ளி நுழையாத வீடு

என் அக்கா அனந்தலக்ஷ்மி கல்யாணத்துக்காக விட்டுக்கொடுத்தவற்றை எண்ண ஒரு கை விரல்கள் போதாது. ஆனால் அவள் வாய்விட்டுச் சொன்னது ஒன்றைத்தான். அது உள்ளி. வெங்காயத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பிறந்த வீட்டில் ஏகாதசி, அமாவாசை தவிர மற்ற நாளெல்லாம் உள்ளி சாம்பார் உண்டு. உரிக்க உட்கார்ந்தால் நாலில் ஒன்று பச்சையாகவே அவள் வாய்க்குள் போய்விடும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன முதல் வாரம், அத்திம்பேர் சிவசங்கரன் அவளிடம், "எங்காத்துல மூணு தலைமுறையா உள்ளி நுழைஞ்சதில்லை" என்றார். அன்றோடு சரி.

இடப்பள்ளியில் என் வீட்டுக்கு வந்தாலும் தொடமாட்டாள். அவளுக்கென்று என் மனைவி ஸாதனா தனி வாணலி வைத்திருக்கிறாள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஸாதனா ஒருநாள் கேட்டுவிட்டாள். நான் பார்ப்பேனே என்றாள் அக்கா. தபால் ஆபீஸ் கவுண்டரில் காலம் தள்ளியவள் அவள். தராசில் ஒரு கிராம் கூடினால் இன்னொரு தபால்தலை ஒட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவாள். தம்பியின் கவர் என்று ஒருநாளும் எனக்குச் சலுகை காட்டியதில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா ஓய்வு பெற்ற மாசம், கொட்டுகிற மழையில் ஒரு குட்டி நாய் வாசலில் நின்ற ஸ்கூட்டரின் அடியில் வந்து படுத்துக்கொண்டது. போகவே இல்லை. கறுப்பும் சிவப்பும் கலந்த அதன் நிறத்தைப் பார்த்து, சாயாப் பைத்தியமான அத்திம்பேர் கட்டன் என்று பெயர் வைத்தார், பால் விடாத கட்டன் சாயாவை நினைத்து. அக்கா அதற்குத் தயிர்சாதமும் இட்லியும் போட்டு வளர்த்தாள். "கொச்சியிலேயே மடியான நாய் உன்னோடதுதான்" என்று நான் கேலி செய்தால் அவளுக்குப் பெருமை தாங்காது.

போன கர்க்கடக மாசத்தில், அதாவது ஆடியில், ஒரு காலை கட்டன் எழுந்திருக்கவில்லை. ஈறு வெள்ளைக் காகிதம் போல வெளுத்திருந்தது. தூக்கிப் பிடித்து வாசலில் நிறுத்தியபோது போன சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. என்னிடம் கார் இருப்பதால் அக்காவின் முதல் போன் எனக்குத்தான் வரும். தோப்பும்படியில் சின்ன வயசு மிருக டாக்டர் ஜஸ்னாவிடம் கொண்டுபோனோம். ரத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஊசி போட்டு டிரிப் ஏற்றினார். பத்து நாளில் நாய் தேறிவிட்டது. அக்கா சோட்டானிக்கரை பகவதி கோவிலுக்குப் போய் வந்தாள்.

மூன்றாவது வாரம் மறுபடியும் அதே வெளுப்பு, அதே நிறம். உண்ணிக் காய்ச்சல் இல்லை என்றது பரிசோதனை. எலிக் காய்ச்சலும் இல்லை. ஈரலிலும் குறை இல்லை. தேறுவதும் விழுவதுமாக எட்டு மாசத்தில் நாலு தடவை ஆயிற்று. முதல் தடவையிலிருந்தே அக்கா ஒரு நோட்டு போட்டிருந்தாள். தேதி, சாப்பாடு, ஈறின் நிறம், சிறுநீரின் நிறம், நடைக்குப் போனதா இல்லையா என்று கட்டம் கட்டி எழுதினாள். கட்டன் படுத்துவிட்டால் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அவளும் படுத்துவிடுவாள். இன்னொரு தடவை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன அன்று, தபால் ஆபீஸில் யாருக்கும் பணியாத என் அக்கா அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "உள்ளியோ வெளுத்துள்ளியோ வல்லதும் கொடுக்காறுண்டோ?" வெங்காயமோ பூண்டோ கொடுப்பதுண்டா என்றுதான் கேட்டார். நாய்க்கு அது விஷம், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலும் ரத்தத்தை உடைத்துவிடும் என்று விளக்கினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்காத்துல உள்ளி நுழையாது டாக்டர்."

டாக்டர் கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டார். அத்திம்பேர் குனிந்து கட்டனின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் படித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் இடப்பள்ளியில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தால், மூலை மேஜையில் அத்திம்பேர் வெங்காய ஊத்தப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. அக்காவிடம், அவருடைய லச்சுவிடம், சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கப்புறம் அவர் இடப்பள்ளிக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேருமாகவே போனோம். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்குப் போனால் அவள் உள்ளியில்லாத சாம்பாரை ஊற்றுவாள், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிடுவோம்.

டாக்டர் கேட்டபிறகு, வெளியில் குழாயடியில் வைத்து அத்திம்பேரிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தேன். நாய்க்குக் கொடுக்க எனக்கென்ன பிராந்தா, பைத்தியமா என்று சீறினார். நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வீட்டில் இல்லையென்றால் வெளியிலிருந்து யாரோ போடுகிறார்கள் என்று அக்கா முடிவு கட்டினாள். வெளியென்றால் கொல்லைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நசீபா, மசாலாக் கடை பரீதின் மனைவி. எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். நசீபாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் அக்கா வாங்கும் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைச் சுவரோரம் நின்று அக்கா படிக்க, அந்தப் பக்கம் மீன் நறுக்கிக்கொண்டே நசீபா கேட்பாள். இருபது வருஷத்துப் பழக்கம் அது. பிரியாணி தாளிக்கும் நாளில் கட்டனும் சுவரடியில் போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை நோட்டில் அக்கா எழுதியும் வைத்திருந்தாள்.

அந்தச் சண்டையை நான் பார்க்கவில்லை. சண்டையே இல்லை, அக்கா மட்டும்தான் பேசினாள் என்று பிற்பாடு தெரிந்தது. எச்சில் இலையைச் சுவர் தாண்டி எறிகிறாய், என் பிள்ளையைக் கொல்கிறாய் என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். நசீபா முக்காட்டுத் தட்டத்தைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, அல்லாமேல் ஆணையாக ஒரு பருக்கை போட்டதில்லை என்றிருக்கிறாள். அக்கா நம்பவில்லை. மறுநாளே சுவரின் மேல் ஆளுயரத்துக்குத் தகர ஷீட் ஏறியது. ஆளைக் கூட்டி வந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அத்திம்பேர்.

பத்தே நாள். தொடர்கதை பாதியில் நின்றதுதான் மிச்சம், கட்டன் ஐந்தாவது தடவை விழுந்தது. மூன்று நாள் டிரிப்பில் கிடந்து, எப்படியோ பிழைத்தது. தகரம் அடித்த பிறகும் வந்துவிட்டதே என்று அக்கா நோட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள்.

கட்டன் நன்றாகத் தேறிய சமயம், அத்திம்பேர் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்காகப் பாலக்காடு போனார். சாயங்கால நடைக்குக் கட்டனைக் கூட்டிப்போவது எப்போதும் அவர் வேலை. அக்காவுக்கு முழங்கால் வலி, போவதில்லை. அன்று நாய் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்ததால், மெல்ல நடக்கலாம் என்று சங்கிலியைப் பிடித்தாள். மெல்ல எங்கே நடக்க விட்டது? சுக்கு மணக்கும் சரக்குக் கிட்டங்கிகளைத் தாண்டி, படகுத் துறைப் பக்கம் திரும்பி, ஒரு சாயாக் கடை பெஞ்சின் அடியில் போய்ச் சமத்தாக உட்கார்ந்துகொண்டது.

கடைக்காரர் அப்ஸல் நாயைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சூடாக இருந்த இரண்டு உள்ளிவடைகளைக் காகிதத்தில் வைத்து ஊதி ஊதி ஆற வைத்தார். அப்புறம்தான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"சாமி எவிடெ? சாமிக்கு ரெண்டு, கட்டனு ரெண்டு. அதாணு பதிவு."

அந்த ஊரில் பதிவு என்றால் வழக்கம். அக்காவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவளுக்கு வாழ்நாள் முழுக்கப் பதிவு என்றால் முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, மறுக்க முடியாதபடி உறுதியாக்கியது. அப்படித்தான் அந்த வார்த்தை தன் காதில் விழுந்தது என்றாள் என்னிடம். எத்தனை நாளாக என்று அப்ஸலைக் கேட்டாள். இரண்டு வருஷம் ஆயிற்று, ஆரம்பத்தில் ஒரு துண்டுதான், போன மழைக்காலத்திலிருந்துதான் இரண்டு என்றார் அவர். நாய்க்குச் சுகமில்லாதபோது சாமி மட்டும் வருவார் என்றார். நடுவில் ஒரு தடவை, நாய்க்கு இனி உள்ளி கூடாதென்று டாக்டர் சொன்னதாகச் சாமியே சொன்னாராம். இரண்டு நாள் கொடுக்கவில்லை. அப்புறம் நாய் கெஞ்சுவதைப் பார்த்துவிட்டு, பாதி கொடு, பாதி ஒன்றும் பண்ணாது என்றாராம். பாதி எப்போது முழுசாயிற்று என்பது அவருக்கு நினைவில்லை.

அக்கா ஒரு வடையைக் காகிதத்தோடு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தாள். நடை ஆரம்பித்த ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஈறு வெளுத்திருந்தது. படுத்துக் கிடந்து நடை நின்றால் ஈறு சிவந்திருந்தது. முதல் தடவைக்கு அப்புறம் வந்த நாலு தடவையும் அப்படித்தான். எட்டு மாசத்துக்கு மேலாகத் தன் கையாலேயே எழுதியும் 'நடை – அவர்' என்ற கட்டத்தை மட்டும் அவள் ஒருதரம் கூடச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் மத்தியானம் அத்திம்பேர் திரும்பி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா வரச் சொல்லியிருந்தாள். இலை போட்டாள். சாதம், கூட்டு, அப்பளம் எல்லாம் வைத்து, கடைசியாக அந்தக் காய்ந்த வடையை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள். மூன்று தலைமுறைக்கப்புறம் அந்த வீட்டு இலையில் உள்ளி விழுந்தது அன்றுதான்.

இலைக்கு நீட்டிய கையை அத்திம்பேர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டாக்டர் கேட்டப்போ பக்கத்துல நின்னேளே" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

"எப்படிச் சொல்லுவேன் லச்சு? அதைச் சொன்னா நான் திங்கறதையும் சொல்லணுமே. நீ இத்தனை வருஷம் விட்டதுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?"

தன் மானம் போகாமலிருக்க ஒரு வாயில்லா ஜீவனின் ரத்தத்தைக் கொடுத்தவர், அதையும் அவளுக்காகச் செய்ததாகச் சொன்னார். எனக்கே அவரை அறையலாம் போலிருந்தது. அந்த நியாயமான கோபத்தோடு நான் நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹரி, நோக்குத் தெரியுமோ?"

"அவர் சாப்பிடறது தெரியும் அக்கா. நாய்க்குக் கொடுக்கறது சத்தியமா தெரியாது."

"எத்தனை வருஷமா?"

ஏழு என்றேன். அவள் கட்டன் பக்கம் திரும்பினாள். அது வடையின் வாசனைக்கு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் குடும்பத்துல மறைக்கத் தெரியாதது இது ஒண்ணுதான்" என்றாள்.

அன்று சாயங்காலமே நசீபா வீட்டுக்குப் போனாள். கொல்லை வழியில்லை, தகரம் இருந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் போய் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். நசீபா உட்கார வைத்துச் சாயா கொடுத்தாள். நாய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நாளைக்கே தகரத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று அக்கா எழுந்தபோது அவள், "அது இருக்கட்டும் லக்ஷ்மியக்கா. மழைச் சாரலுக்கு நல்லதுதான்" என்றாள். தகரம் இன்னும் இருக்கிறது.

கட்டன் பிழைத்துவிட்டது. இப்போது நடைக்குக் கூட்டிப்போவது அக்காதான், வலிக்கிற காலோடு. படகுத் துறைப் பக்கம் திரும்பும் முக்கில் அது உட்கார்ந்துகொண்டு அடம் பிடிக்கிறது. அக்கா இழுத்துக்கொண்டு வேறு தெருவில் போகிறாள். டாக்டரிடம் போவதென்றால் ஆட்டோ பிடித்துக்கொள்கிறாள். எனக்குப் போன் வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானாகவே போனேன். வாசலுக்கே மணம் வந்தது. அடுப்பில் உள்ளி சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. உரித்த தோலைக்கூட நாயின் வாய்க்கு எட்டாதபடி மூடிபோட்ட டப்பாவில் அடைத்திருந்தாள். அத்திம்பேருக்கு முன்போலவே உள்ளி படாத சமையல், தனிப் பாத்திரத்தில். அது அவாத்து ஆசாரம், நான் கெடுக்கக் கூடாது என்றாள். அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்குத் தட்டு வைத்துச் சாதம் போட்டு மோர் ஊற்றினாள். தனக்குச் சாம்பாரை விட்டுக்கொண்டு, முழு உள்ளியாகப் பொறுக்கி எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"நேக்கும் கொஞ்சம் விடேன் அக்கா" என்றேன்.

"நோக்கெதுக்கு ஹரி? நீ வெளியில சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பே" என்றாள்.