மூச்சுப் பரீட்சையில் யோகா வகுப்பு

பிள்ளைகளா, உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளே சொல்லிவிடுகிறாள். "இவராலதான் எனக்கு ஒரு நாள் லேட்டு" என்று முடிக்கிறாள். காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் அப்போது பாதி மயக்கத்தில் இருந்தாள். முழு முழிப்போடு இருந்தவன் நான். ஆகவே நான் எழுதுவதுதான் முறை.

நிமோனியா முற்றி அவளை வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். வாய் வழியாகக் குழாய். அவளுக்காக மெஷின் மூச்சு விட்டது. நீங்கள் இருவரும் குஷாய்குடாவில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். நான் போன் செய்தால் சின்னவன், "நான்னா, அம்மா எப்புடு வஸ்துந்தி?" என்று தெலுங்கில் கேட்பான். எப்போது வருவாள் என்று எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? "மெஷினை எடுத்ததும் வந்துடுவாடா" என்பேன். "அப்ப எடுத்துடச் சொல்லுங்க நான்னா" என்பாள் பெரியவள், ஏதோ பாத்ரூம் லைட்டை அணைக்கச் சொல்வது போல.

அது அப்படிச் சுவிட்சு போடுகிற வேலை இல்லை என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். முதலில் மயக்க மருந்தை நிறுத்துவார்கள். கண் திறக்கிறாளா, சொன்னால் கையை அழுத்துகிறாளா என்று பார்ப்பார்கள். பிறகு மெஷினின் உதவியைக் குறைத்துவிட்டு, அரை மணி நேரம் அவளாகவே மூச்சு விடுகிறாளா என்று பரீட்சை. மூச்சு வேகமானாலோ, வியர்த்தாலோ, ஆக்சிஜன் இறங்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். அவசரப்பட்டுக் குழாயை எடுத்துவிட்டுத் திரும்பப் போடும்படி ஆனால் ஆபத்து.

எனக்கு இது நன்றாகவே புரிந்தது. மல்லாபூர் பாக்டரியில் நான் பம்பு டெஸ்டிங்கில் இருப்பவன். லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் ஒரு பம்பையும் வெளியே அனுப்ப மாட்டோம். "நம்ம வேலைதான் மேடம்" என்றேன்.

தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பயம் குறையும் என்று பரீட்சையின்போது என்னை உள்ளே விட்டார்கள். மெஷினைக் கவனிக்கிற தெரபிஸ்ட் பெண் சார்மினார் பக்கத்துக்காரி. ஆன்ட்டிக்குத் தைரியம் சொல்லுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு மெஷினைக் குறைத்தாள். உங்கள் அம்மா கண்ணைத் திறந்தாள். கையை அழுத்தினாள். திரையில் மூச்சுக் கணக்கு ஒழுங்காக ஓடியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மூச்சு விடு, விடு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். எப்படி என்று கேட்கிறாள் போலத் தோன்றியது. செய்து காட்டினேன். மூச்சு விஷயத்தில் நான் முறையாகக் கற்றது ஒன்றே ஒன்றுதான். நம் காலனி பார்க்கில் யோகா மாஸ்டர் சொல்லித் தந்த கபாலபாதி. வயிற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்து மூக்கால் புஸ் புஸ்ஸென்று விடுகிறோமே, அது.

அந்த வகுப்பில் உங்கள் அம்மா முன் வரிசை. மாஸ்டர் போதும் என்ற பிறகும் நாலு புஸ் கூடுதலாகப் போடுகிறவள். வகுப்பு தொடங்கிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் தொடங்கினாள். திரையில் எண் ஏறியது. எண் ஏறியதும் எனக்குப் பயம். பயத்தில் இன்னும் வேகமாகச் செய்தேன். அவள் விடுவாளா? மெஷின் கத்த ஆரம்பித்தது.

தெரபிஸ்ட் ஓடி வந்தாள். "அரே அங்கிள், கைக்கு கர்ரே ஆப்? நக்கோ!" ஏன் செய்கிறீர்கள், வேண்டாம் என்கிறாள். நானோ தலை சுற்றிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷினைப் பழையபடி கூட்டிவிட்டார்கள். டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார், "பேஷன்ட் ஃபெயில் இல்ல. நீங்க ஃபெயில்."

சாயங்காலம் சின்னவனிடம் நாளைக்கு என்றேன். "நின்ன கூடா ரேபு அன்னாவ் கதா" என்றான். நேற்றும் நாளைக்கு என்றுதானே சொன்னாய் என்கிறான். நாள் போகப் போக நெஞ்சுத் தசைக்கு வேலை மறந்துபோகும் என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது. கேன்டீனில் வாங்கிய இட்லி அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். உட்காரலாம், பேசக் கூடாது, வயிறு ஆடக் கூடாது. அவள் என்னைப் பார்த்தாள். என் மூச்சைப் பார்த்து மறுபடி தொடங்கிவிடுவாளோ என்று பையை வயிற்றின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். ஏ.சி. ஜில்லென்று இருந்தது. சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, தெரபிஸ்ட் என் தோளைத் தட்டி, "ஹோ கயா அங்கிள்" என்றதுதான். அரை மணியும் முடிந்திருந்தது. நான் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே உங்கள் அம்மா அலுங்காமல் மூச்சு விட்டிருக்கிறாள்.

பிறகு இருமச் சொன்னார்கள், பலமாக இருமினாள். குழாயை எடுத்தார்கள். ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். மாஸ்க்குக்குள் ஏதோ முனகினாள். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"ஏங்க... இப்படியா குறட்டை விடுவாங்க... பொது எடத்துல."

"ஆன்ட்டி கியா போலே?" என்றாள் தெரபிஸ்ட்.

"எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்றா" என்றேன் இந்தியில்.

இன்று முழுக்கக் கவனிக்க வேண்டும், மூச்சு இப்படியே சீராக இருந்தால் மறுபடி குழாய் தேவைப்படாது என்றார் டாக்டரம்மா. நான் வெளியே கிளம்பும்போது நர்ஸ் கேட்டார், "அவங்க மூக்குக் கண்ணாடி இருக்கா? இனிமே தேடுவாங்க."

என் பையில்தான் இருந்தது, சேர்த்த அன்று கழற்றிக் கொடுத்தது. வெளியே வராந்தாவின் கோடியில் கை கழுவும் இடத்தில் யாரும் இல்லை. கண்ணாடிக்குச் சோப்புப் போட்டு, மூக்கில் படுகிற இடத்தை நகத்தால் சுரண்டிக் கழுவி, சட்டை நுனியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. அதையும் துடைத்தேன்.