பைல் அடித்தவன் காது

எனக்குக் காது மந்தம் என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். டீசல் ஹேமர் ஓட்டியே இருபத்திரண்டு வருஷம் போயிருந்தது. காது நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள் முணுமுணுத்தால் நான் என்ன செய்ய என்று எதிராளி தலையிலேயே பழியைப் போட்டுவிடுவேன்.

மண் இளகியிருக்கும் இடத்தில் கட்டடம் நிற்க வேண்டுமானால் கான்கிரீட் தூண்களைக் கெட்டித் தரை தட்டும்வரை அடித்து இறக்க வேண்டும். அதைத்தான் பைல் அடிப்பது என்கிறோம். அந்தக் காலத்தில் கனமான கட்டையைக் கயிற்றில் கட்டி, ஆட்கள் சேர்ந்து பாட்டுப்போட்டு இழுத்து, தூணின் தலையில் விட்டார்கள். பிறகு நீராவி வந்து அந்த ஆட்களின் வேலையைச் செய்தது. அதற்கும் பிறகு வந்தது எங்கள் டீசல் ஹேமர். உள்ளே கனத்த இரும்புப் பிஸ்டன் விழும். விழுகிற வேகத்தில் காற்றை நசுக்கும். நசுங்கிச் சூடேறிய காற்றில் டீசல் பட்டு வெடிக்கும். அந்த வெடி தூணைக் கீழே தள்ளி, பிஸ்டனை மேலே எறியும். மறுபடி விழும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மண் ரொம்ப இளக்கமாக இருந்தால் தூண் நழுவிப் போய்விடும், வெடி பிடிக்காது. எதிர்த்து நிற்க ஏதாவது இருந்தால்தான் அது ஓடும். என் சுபாவமும் அதேதான் என்பாள் என் மனைவி.

அவளுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஒரு சமயம் அவள் கம்பெனிக்குப் பக்கத்திலேயே, தூர்ந்துபோன ஏரி ஓரத்தில், புது ஷெட்டுக்காக நாங்கள் பைல் அடித்தோம். நான் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவள் மிஷினில் ஊசி நடுங்கியதாம். லைனில் எல்லோரும் எங்களைத் திட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே தைத்திருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். பக்கத்து மிஷின் அடித்துக்கொண்டே இருக்கும், பேசினால் கேட்காது. அதனால், மிஷின் ஓட்டுகிறவனுக்குக் கீழே நிற்பவன் காட்டும் எங்கள் சைகைகளைப் பழகிக்கொண்டாள். உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால், மெல்ல இறக்கு. விரலை மேலே காட்டிச் சுழற்றினால், தூக்கு. கையை இறுக மூடி உயர்த்தினால், நிறுத்து. அந்த மூடிய கையைப் பார்த்தபின் ஓட்டுகிறவன் யோசிக்கவே கூடாது. யார் காட்டினாலும் கை தானாக நின்றுவிட வேண்டும். நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டால் அவள் வேலிக்கு அப்பாலிருந்து உள்ளங்கையை அசைப்பாள், மெல்ல இறக்கு என்று. அந்த மூன்று மாதமும் நாங்கள் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல இருந்தோம்.

காது விஷயம் முதலில் வெளிப்பட்டது குக்கரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அவள் சர்ச்சுக்குப் போனாள். நான் குக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அவள் திரும்பி வந்தபோது பருப்பு கருகி வீடெல்லாம் புகை. தூண் இறங்க எத்தனை அடி என்று எண்ணியே பிழைத்தவனுக்கு மூன்று விசிலை எண்ண முடியவில்லை. தூங்கிவிட்டேன் என்று புளுகினேன். கையில் பேப்பர் விரித்தபடி இருந்தது. அவள் குக்கரைத் தேய்க்கப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

சைட்டில் மட்டும் என் குறை யாருக்கும் தெரியவில்லை. டீசல் ஹேமர் போடுகிற சத்தத்தில் அங்கே எல்லோருமே செவிடர்கள்தான். எல்லாமே கைதான், கண்தான். தூண் கெட்டித் தரையைத் தொட்டதும் அதிர்வு மாறுவதை என் பாதமே சொல்லிவிடும். அப்போதுதான் கம்பெனி சத்தம் கம்மியான ஹைட்ராலிக் ஹேமரை வாங்கியது. அதில் ஓட்டுகிறவனுக்கும் கீழே நிற்பவனுக்கும் வாக்கி டாக்கி. கூடவே ஒரு விதி: காது பரிசோதனையில் தேறினால்தான் சீட்டில் உட்கார முடியும். சத்தமில்லாத மிஷின் வந்து என் வண்டவாளத்தை வெளியே இழுத்துவிட்டது. அந்தச் சீட்டை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

பரிசோதனைக்கு வேலூருக்கு அவளும் வந்தாள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லி ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினை இயக்கிய பெண் ஒவ்வொரு முறை தட்டும்போதும் அவள் வலது தோள் லேசாக அசைந்தது. எத்தனை வருஷமாகக் கீழே நிற்பவனின் கையைப் பார்த்தே ஓட்டியவன் நான், ஒரு தோளா தெரியாது? தோள் அசைந்தது, அழுத்தினேன். மறுபடி அசைந்தது, அழுத்தினேன். தேறிவிடுவேன் என்றே தோன்றியது. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்போது அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்த என் மனைவி, என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, கையை இறுக மூடி உயர்த்தினாள்.

என் விரல் நின்றுவிட்டது. தோள் அசைந்தது, விரல் அழுத்தவில்லை. திரும்பவும் அசைந்தது. அவள் கையை இறக்கவே இல்லை. பரிசோதனை முடியும்வரை நான் பொத்தானை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூர் பஸ்ஸில் நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை. அவ்வளவு கோபம். பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் என் தோளைத் தொட்டுத் திருப்பி, நான் உதட்டைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"உங்களுக்குக் கேக்காட்டி எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல, நான் கை காட்டிக்குவேன். கீழ நிக்கறவன் கத்தறது உங்களுக்குக் கேக்காட்டி, அவன் பொண்டாட்டி இன்னா பண்ணுவா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

சீட் போய்விட்டது. இப்போது யார்டில் ஹேமர்களைக் கழற்றிப் பழுது பார்க்கிறேன். புது மிஷின் வெளியே கிளம்பும்போதெல்லாம் கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். காதில் ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். அவள் திட்டுவதில்லை. வாசலில் துணி மடித்துக்கொண்டே, சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்திருப்பாள். முதல் விசிலுக்கு ஒரு விரல் காட்டுவாள், அடுத்ததற்கு இரண்டு. மூன்றாவது விசிலுக்குக் கையை இறுக மூடி உயர்த்துவாள். நான் எழுந்துபோய் அடுப்பை அணைப்பேன்.