ஒரு காதுக்கு ஐந்து ஸ்பீக்கர்

அரசாங்கக் கந்தோருக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும் உரிய காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். முழுப் பதில் தர முடியாதவிடத்து, விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். கடிதம் வந்த மொழியிலேயே போக வேண்டும். இந்த விதியை நான் ஆக்கவில்லை. ஆனால் மன்னார் மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேலாக அதைப் பிறருக்கு ஞாபகப்படுத்தியே சம்பளம் வாங்கியவன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கம்பனிக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்காகத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்திருந்தபோது, இந்த விதி தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடுகளையும் அது கட்டுப்படுத்தாது. அங்கேதான் அது முதலில் தேவைப்பட்டிருந்தது.

கடிதம் ஒரு ரிசீவரைப் பற்றியது. தொலைக்காட்சியின் ஒலியை வாங்கி, அறையைச் சுற்றி வைத்திருக்கும் ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர். எனக்குப் படம் பார்க்கும் பைத்தியம் கிடையாது. விடுமுறையில் வந்த மகன் அரைச் சுவர் அகலத்தில் ஒரு தொலைக்காட்சியை வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பவும் விமானம் ஏறிவிட்டான். படம் கண்ணைப் பறித்தது. சத்தம் மட்டும் பெட்டியின் முதுகால் வெளியே வந்து சுவரோடு கதைத்தது.

என் மனைவிக்குச் சிறு வயதில் சீழ் வடிந்து இடக்காது போய்விட்டது. வலக்காதை வைத்துக்கொண்டே ஓய்வுபெறும்வரை படிப்பித்தாள். பிறகு அந்தக் காதும் இடைக்கிடை லீவு போடத் தொடங்கியது. காதுக்குள் வைக்கும் கருவி ஒன்று எடுத்தோம். தலைக்குள் யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு கிழமையில் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். அது இன்றும் பெட்டியோடு அங்கேயே இருக்கிறது.

மாலையில் செபமாலை முடிந்ததும் இருவரும் ஹோலில் இருந்து செய்தியும், அதன்பின் ஒரு தொடர் நாடகமும் பார்ப்போம். பெரிய தொலைக்காட்சி வந்த நாள் தொட்டு அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான்.

“என்ன சொன்னவன்?”

முதல் வருடம் சொன்னேன். நான் ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே மூன்று வசனம் போய்விடும். இரண்டாம் வருடம் சுருக்கிச் சொன்னேன். பிறகு, “பொறும், முடியச் சொல்லுறன்” என்றேன். முடிந்த பிறகு சொல்ல எனக்கு ஞாபகம் இராது. கேட்க அவளுக்கு மனம் இராது. ஒரு நாள் அவள் கேட்பதை நிறுத்தினாள். அந்தக் கிழமை எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த கிழமை, செபமாலை முடிந்ததும் ஹோலுக்கு வராமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். பதில் எழுதப்படாத கடிதங்கள் கொஞ்ச நாளில் தாமாகவே அடங்கிவிடும். அந்த அமைதியைக் கண்டு விடயம் தீர்ந்துவிட்டது என்று கடிதக் கோவையைக் கட்டிவைக்கும் உத்தியோகத்தர்களிடம் நான் எத்தனையோ தடவை விளக்கம் கேட்டிருக்கிறேன்.

அவளைத் திரும்பவும் அந்தக் கதிரையில் இருத்த வேண்டும். அதற்கு ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. நான் எனக்குத் தெரிந்த காரியத்தைச் செய்தேன். ஒரு கோவை திறந்தேன்.

அரசாங்கத்துக்குப் பொருள் வாங்கும் ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதலில் விவரக்குறிப்பு. பிறகு மூன்று இடத்து விலைமனு. பிறகு மதிப்பீட்டுக் குழு. எங்கள் குழுவில் தலைவர், செயலாளர், உறுப்பினர் என்று மூன்று பேர். மூன்று பேரும் நான்தான். கூட்டத்துக்கு ஆள் குறைந்து தள்ளிவைக்க வேண்டிய சிரமம் ஒரு நாளும் வரவில்லை.

பட்டினத்துக் கடை ஒன்றில் விசாரித்தேன். வாசல் நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. கடைக்காரர் இதை ஐந்து தசம் ஒன்று என்று சொல்வார்கள் என்றார். முன்னால் இடம் வலமாக இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு, ஆக ஐந்து. தசம் ஒன்று என்பது தரையில் வைக்கிற இடிமுழக்கப் பெட்டி. எல்லாவற்றிலும் பெரியது அதுதான். பத்தில் ஒரு பங்கு என்று பதிவாகி, அறையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு, உறுமுவதைத் தவிர வேறு வேலை செய்யாத ஆட்களோடு நான் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். ஆகையால் எனக்கு அதில் புதுமை தெரியவில்லை.

பயனுள்ள ஒரு விடயத்தையும் அவர் சொன்னார். ஆட்களின் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரால்தான் வரும். பாட்டும் காற்றும் குண்டுச் சத்தமும் மற்றவற்றால் வரும். அப்படியென்றால் பேச்சை மட்டும் கூட்டி மற்றதைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

“எல்லாம் செய்யும் சேர்.”

நடு ஸ்பீக்கரைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காமல் பதினைந்து அடி தள்ளி வைத்தாலும் வேலை செய்யுமா என்று கேட்டேன். எல்லாம் செய்யும் என்றார். உப்புக்காற்றுக்குத் தாங்குமா, மின்சாரம் குறைந்து ஏறினால் தாங்குமா என்றும் கேட்டேன். அதற்கும் அதே பதில். எல்லாவற்றுக்கும் ஓம் என்பவரின் வாய்மொழியைக் கோவையில் ஏற்ற முடியாது.

வவுனியாவில் ஒரு கடையிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் விலை எடுத்தேன். கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்றுக்கு ஏழு ஸ்பீக்கர் கொளுவலாம். முகப்பில் நீல வெளிச்சம் ஓடும். மற்றதுக்கு ஐந்துதான், வெளிச்சம் இல்லை, பேச்சைத் தனியே உயர்த்தும் வசதி இருக்கிறது என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பொடி எழுத்து உண்மையா என்று கேட்டு, நான்கு கேள்விகளை இலக்கமிட்டு, கொழும்பில் இருக்கும் இறக்குமதிக் கம்பனிக்குத் தமிழில் பதிவுத் தபால் அனுப்பினேன். அது தவக்காலம். தெளிவுபடுத்தல் கேட்டு எழுதிய பிறகு, பதில் வரும்வரை குழு தீர்மானம் எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு போனது. முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன். சோளகக் காற்று எழும்பி வீடு முழுக்க மணல் வந்தது. இரண்டாம் நினைவூட்டல் அனுப்பினேன். நான் தனியே செய்தி பார்த்தேன். அவள் அறைக்குள் கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்தாள். கோவை மட்டும் ஒழுங்காக இருந்தது.

ஆடி மாதம், கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவர் பேசாலைப் பக்கமிருந்து வந்தார். ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். இப்படியான கடிதங்களுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் என்னிடம் வருவது வழக்கம். நான் எழுதிக்கொண்டிருக்க, மேசையில் கிடந்த என் வரைபடத்தை அவர் எடுத்துப் பார்த்தார். ஹோலின் நீள அகலம், இரண்டு கதிரை, சுற்றிவர ஐந்து பெட்டி, ஒரு தசம். அடிமட்டம் வைத்துக் கீறியது.

“இது ஆருக்கு சேர்?”

ரீச்சருக்கு என்றேன். என் மனைவி அவருக்கு ஆறாம் வகுப்பில் படிப்பித்தவள். அவர் தாளை ஒருதரம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

“ரீச்சருக்கு இடப்பக்கம் கேக்காதெல்லோ. எங்கட வகுப்பில கள்ளக் கதை கதைக்கிற ஆக்கள் முழுக்க இடப்பக்க வாங்கிலதான் இருந்தனாங்கள். நீங்கள் இந்தப் பக்கத்தில ரெண்டு பெட்டியை வச்சு ஆரோட கதைக்கப் போறியள்?”

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி எங்கள் முகங்களைப் பார்த்தாள். “என்னவாம்?” என்று என்னிடம் கேட்டாள்.

“பொறும்” என்றேன். பழக்கம்.

அவர் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் அவளின் வலப்பக்கத்தில் நின்று, குனிந்து, வரைபடத்தைக் காட்டி, இடப்பக்க வாங்கு உட்பட ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கன நாளாயிற்று.

“தெரியுமடா. வாய்ச் சொண்டைப் பாத்து ஆர் என்ன கதைச்சதெண்டு கொப்பியில எழுதி வச்சனான். பிறகுதானே அடிச்சனான்.”

அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோவையை எடுத்தாள். விவரக்குறிப்பு, விலைமனு, கடிதம், நினைவூட்டல்கள், குழுவின் அறிக்கை என்று நின்றபடியே வாசித்தாள். எழுத்துப் பிழை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“இவ்வளவும் எழுதியிருக்கிறியள். எனக்கு என்ன வேணுமெண்டு ஒரு இடத்திலயும் கேக்கேல்லையே.”

ஒலிபெருக்கிக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தார்.

“நான் கேட்டது, என்ன சொன்னவன் எண்டு மட்டும்தான். பெட்டி கேக்கேல்லை.”

எந்தப் பொருளை வாங்குவதாக இருந்தாலும், அதைப் பாவிக்கப் போகிறவரின் வேண்டுகோள் கோவையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத கோவையை ஒரு புதுக் கிளாக்கர் கொண்டுவந்திருந்தால் பக்கத்தைப் புரட்டாமலே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பெட்டி எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பெரிய ஆரவாரம் தேவையில்லை என்று ஒலிபெருக்கிக்காரர் சொன்னார். திருவிழாவில் காற்றுக்கு எதிரே எத்தனை குழாய் கட்டினாலும் பிரசங்கம் விளங்காதாம். சனம் இருக்கிற பக்கத்தில் ஒன்றைத் திருப்பிக் கட்டினால் போதுமாம். மடு மாதா திருவிழா முடிந்ததும் தானே வந்து கம்பி இழுத்துப் பூட்டித் தருவதாகச் சொல்லி, விண்ணப்பத்தோடு போனார்.

மறுநாள் இருவரும் அதே கடைக்குப் போனோம். கழுதைகள் நின்றன. அவள் கடைக்காரரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. செய்தி போடச் சொன்னாள். நடு ஸ்பீக்கரைத் தூக்கித் தன் வலப்பக்கம் மேசையில் வைக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு முதலில் நீல வெளிச்சப் பெட்டியைக் கேட்டாள், பிறகு மற்றதை. செய்தி வாசிப்பவர் என்ன சொன்னார் என்று அவளாகவே எங்களுக்குச் சொன்னாள். “இது தேவையில்லாமல் கத்தேல்லை” என்று வெளிச்சமில்லாத பெட்டியைக் காட்டினாள். மூன்று பதவியில் ஒரு ஆள் ஐந்து மாதமாக மதிப்பிட்டதை அவள் பத்து நிமிடத்தில் முடித்தாள். கம்பனியின் பதில் இன்னும் வரவில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். அது அவளின் இடப்பக்கமாகப் போய்விட்டது.

மடுவில் ஆவணித் திருவிழா முடிந்து ஒலிபெருக்கிக்காரர் சொன்னபடி வந்தார். பின் ஸ்பீக்கர் இரண்டையும் பெட்டியை விட்டு எடுக்கவே விடவில்லை. தசம் ஒன்றுக்கு ஒரு மேசைத்துணி விரித்தோம். இப்போது அதன்மேல் பூச்சாடி நிற்கிறது. முன் ஸ்பீக்கர் இரண்டையும் பெயருக்குச் சத்தம் வைத்துவிட்டு, நடு ஸ்பீக்கருக்கு நீளக் கம்பி இழுத்து, அவள் கதிரையின் வலப்பக்க முக்காலியில் இருத்தினார். பேச்சை ரிசீவரில் எவ்வளவு உயர்த்தலாமோ அவ்வளவு உயர்த்தினார். பிறகு இரண்டு கதிரையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சேர் எந்தக் கதிரையில இருக்கிறனீங்கள்?”

மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் கதிரையைக் காட்டினேன். அது அவளின் இடப்பக்கம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதில்தான் இருக்கிறேன். எந்தக் காது கேளாது என்று கலியாணத்துக்கு முதலே எனக்குத் தெரியும். நானே கதிரையைத் தூக்கி, முக்காலிக்குப் பக்கத்தில், காற்று வராத மூலையில் வைத்தேன்.

அன்று மாலை அவள் ஹோலுக்கு வந்தாள். செய்தி முழுவதும் அவளுக்கு விளங்கியது. ஞாயிறு திருப்பலி ஒளிபரப்பில் பிரசங்கம்கூட விளங்கியது. எனக்கு விளங்காத இடங்களை அவளிடம் கேட்டேன். நாடகம் மட்டும் அரைவாசிதான். நாலு பேர் ஒன்றாக அழுது, அதன்மேல் வயலினும் ஏறினால் எந்த ரிசீவராலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

“என்ன சொன்னவ?”

நான் சொல்கிறேன். அங்கே மூன்று வசனம் போய்விடுகிறது. போகட்டும். அலுப்பாகத்தான் இருக்கிறது, முதுகு வேர்க்கிறது, ஆனாலும் அதே மாலையில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கட்டத்தில் கொழும்புக் கடிதம் வந்தது. தபால்காரர் படலையிலேயே கையெழுத்து வாங்கினார். மூன்று வரி, ஆங்கிலத்தில். மனைவி செய்தித்தாளைக் கீழே வைத்தாள்.

“என்ன எழுதியிருக்கினம்?”

பொறும் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு அவளின் வலப்பக்கம் போய் நின்று, கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. உங்கள் கேள்விகள் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளன.

“அப்ப அது செய்யுமோ செய்யாதோ எண்டு சொல்லேல்லையே?”

“இல்லை. இது இடைக்காலப் பதில்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு செய்தித்தாளை எடுத்தாள். நான் சிவப்புப் பேனையைத் தேடிப் பிடித்து, கச்சேரியில் செய்தது போலவே கடிதத்தின் வலப்பக்க மேல்மூலையில் எழுதினேன்: கிடைத்தது, செப்டெம்பர் மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை.