டிரிப்ஸ் ஊசிக்கு அத்தை காவல்

நாகமலை புதுக்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. மதுரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புறங்கை நரம்பில் மெல்லிய குழாய் செருகி, பிளாஸ்டர் ஒட்டி, அதன் வழியாக மருந்து ஏற்றினார்கள். பார்க்க வந்த நண்பர்களெல்லாம் "வலிக்குதா மாப்ள?" என்று அதையே தொட்டுப் பார்த்தார்கள். நானும் சும்மா இருக்காமல் பிளாஸ்டரின் ஓரத்தைச் சுரண்டினேன். சீக்கிரமே அந்த இடம் சிவந்து, கை பன்னு மாதிரி வீங்கிவிட்டது.

நர்ஸ் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, மறு கையில் புதிதாகப் போட்டார். துணைக்கு அலங்காநல்லூரிலிருந்து என் அத்தை அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். நர்ஸ் அவரிடம், "கை கழுவாம யாரும் இதைத் தொடக் கூடாதும்மா. பிளாஸ்டர் நனையக் கூடாது, பிரியக் கூடாது. கிருமி உள்ள போச்சுன்னா நேரா ரத்தத்துல கலந்துரும்" என்றார்.

அத்தை உடனே கீழே போய் ஒரு சோப்பு வாங்கி வந்தார். நாற்காலியை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கோயிலிலிருந்து விபூதியோடு வந்த மாமா, அதை என் கையில் பூசப் போனார். "நெத்தியோட நிறுத்திக்கங்க. கைப் பக்கம் போகாதீக" என்று அத்தை மறித்தார். நண்பர்களை வரிசையாகக் குழாயடிக்கு அனுப்பினார். "வாடிவாசல்ல கூட இம்புட்டு செக்கிங் கிடையாது மாப்ள" என்று ஒருவன் முணுமுணுத்தான். அவனை மட்டும் திரும்பவும் கழுவச் சொன்னார்.

மறுநாள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் வந்தால் வராந்தாவில் இருமல்கூட அடங்கிவிடும். பக்கத்து அறை நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக வந்தவர், என் கையைப் பிடிக்கக் குனிந்தார்.

"கை கழுவுனீகளா?" என்றார் அத்தை.

நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் மயங்கிவிட்டவன்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை சோப்பை நீட்டினார்.

"மறந்துட்டேம்மா" என்று டாக்டர் குழாயடிக்குப் போனார். நுரை பொங்கக் கழுவிவிட்டுத் துடைக்கத் துணி தேடினார். அத்தைக்கு மனசு இளகிவிட்டது. "இந்தாங்கய்யா" என்று தன் முந்தானையைக் கொடுத்தார். டாக்டரும் அதில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ சார்! காலையில இருந்து அவங்க அதுலதான் மூக்கத் தொடைக்கிறாங்க!" என்று நர்ஸ் பதறினார்.

டாக்டர் முந்தானையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடியும் குழாயடிக்குப் போனார். அத்தையும் பின்னாலேயே போய்க் கழுவினார். இருவரும் கைகளைத் தூக்கிப்பிடித்து உலர்த்திக்கொண்டே திரும்பி வந்ததைப் பார்த்ததும், மயங்கிக் கிடந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்து, "சிவக்கல, வீங்கல. நல்லா இருக்கு" என்றார்.

"கண்ணு வச்சிராதீக" என்றார் அத்தை.

கடைசிவரை அந்தக் கை வீங்கவில்லை. காய்ச்சல் விட்டு நாங்கள் கிளம்பும்போது பக்கத்து அறைக்காரர்கள் வந்து, அத்தையை இன்னும் நாலு நாள் தங்களுக்காக விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்கள். அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டார்.